விரல் இல்லாத கையுறையும் மரத்துப்போன விரலும்

“விரலே இல்லாத கிளவுஸு எதுக்குக்கா?” என்று லேபில் என்னோடு வேலை பார்க்கும் பெண் கேட்டாள். அவளோடு அந்தக் கேள்வி நிற்கவில்லை. கடைக்காரர்கள் கேட்டார்கள், கூரியர் கொண்டுவந்தவர் கேட்டார், என் நாத்தனார் போன் போட்டுக் கேட்டாள். எல்லோருக்கும் பொறுமையாக விளக்கம் சொல்லும் ஆள் நான் இல்லை. “விரல் இருக்கறவங்க போட்டுக்கத்தான்” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

நான் ரத்தம் எடுப்பவள். கோரிமேட்டில், பெரிய ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களை நம்பி நடக்கும் சின்னச் சின்ன லேப்களில் ஒன்றில் வேலை. காலையில் பஸ்ஸிலிருந்து இறங்கி, வெறும் வயிற்றோடு, கையில் டாக்டர் சீட்டோடு வருவார்கள். கையை நீட்டச் சொல்லி, ரப்பர் பட்டை கட்டி, இடது கை ஆள்காட்டி விரலால் முழங்கை மடிப்பைத் தடவி, நரம்பு எங்கே என்று கண்டுபிடித்துக் குத்த வேண்டும். ரத்தக் குழாயைத்தான் எங்கள் ஊரில் எல்லோரும் நரம்பு என்கிறோம், நானும் அப்படியே சொல்கிறேன். கண்ணுக்குத் தெரியும் நரம்பை யார் வேண்டுமானாலும் குத்தலாம். தெரியாத நரம்பை விரல் நுனிதான் சொல்லும். தோலுக்கு அடியில் மெத்தென்று ஒன்று எழும்பிக் கொடுக்கும், அதுதான். அதைக் கண்டுபிடிப்பதில் எனக்கு நல்ல பெயர். இதைச் சொல்ல நான் வெட்கப்படப் போவதில்லை.

அந்தப் பெயருக்குத்தான் சைக்கிளால் ஆபத்து வந்தது.

சைக்கிள் எனக்கு ஆசையால் வந்ததல்ல. ஒருநாள் வேலை குறைவாக இருந்தபோது சும்மா என் ரத்தத்தையே எடுத்துச் சோதித்துப் பார்த்தேன். சர்க்கரை எகிறிக் கிடந்தது. முதலில் மெஷின்மேல் பழி போட்டேன், மறுபடியும் எடுத்தேன், அதுவும் அதையேதான் சொன்னது. அதன் பிறகு குருசுக்குப்பத்து வீட்டிலிருந்து முத்தியால்பேட்டை வழியாகக் கோரிமேடு வரைக்கும் சைக்கிளில் போக ஆரம்பித்தேன். சில மாதங்களில் சர்க்கரை இறங்கியது. அதைவிட முக்கியமான ஒன்றும் நடந்தது: சைக்கிளில் போகும் நேரத்தில் யாரும் என்னை எதற்கும் கூப்பிட முடியாது. “என் சட்டை எங்க?” கிடையாது, “குழம்புல உப்பு பத்தல” கிடையாது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எனக்கென்று கிடைத்தது அந்த அரை மணி நேரம்தான்.

என் கணவருக்கு இது பிடிக்கவில்லை. தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் படகுகளுக்கு ஐஸ் போடும் தொழில் அவருக்கு. “வூட்ல வண்டி ஒண்ணு சும்மா நிக்குது, நீ இன்னாடான்னா காலேஜ் பொண்ணு கணக்கா சைக்கிள மிதிக்கிற” என்பார். நான் பதில் சொல்வதில்லை. சொன்னால் பேச்சு வளரும், பேச்சு வளர்ந்தால் லேபுக்கு நேரமாகிவிடும்.

மழைக்காலம் முடிந்த கையோடுதான் விரல் மரத்துப்போக ஆரம்பித்தது. லேப் வாசலில் இறங்கும்போது கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடு விரல் மூன்றிலும் உணர்ச்சி மந்தமாக இருக்கும். உதறுவேன், சரியாகும். பிறகு உதறியும் சரியாகவில்லை. காலைக் கூட்டம் முடிந்து டீ வரும்போதுதான் விரல் எனக்குத் திரும்பி வரும். அதற்குள் முக்கால்வாசிப் பேருக்கு ரத்தம் எடுத்து முடித்திருப்போம்.

திண்டிவனம் பக்கத்திலிருந்து ஒரு பெண் வருவாள். முப்பது வயதுகூட இருக்காது. பெரிய வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு முறை மருந்து ஏற்றும் முன்பும் ரத்தம் பார்க்க வேண்டும். மருந்து ஏற்றி ஏற்றி அவள் கை நரம்பெல்லாம் சுருங்கிப் போயிருந்தது. எங்கள் லேபில் என்னைத் தவிர வேறு யாரும் தொட விடமாட்டாள். நான் வேறு ஆளுக்கு எடுத்துக்கொண்டிருந்தால், “அக்கா வரட்டும்” என்று சுவரோரம் உட்கார்ந்துகொள்வாள்.

அன்றைக்கு அவள் கையைத் தடவுகிறேன், ஒன்றுமே தெரியவில்லை. எங்கள் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. நரம்பு அகப்படாவிட்டால் ரப்பர் கையுறையின் ஆள்காட்டி விரல் நுனியைக் கிள்ளி எறிந்துவிட்டு, வெறும் விரலால் தேடுவது. கூடாது என்று எல்லோருக்கும் தெரியும், புதிதாக வருகிறவர்களை அதற்காக நானே திட்டியிருக்கிறேன். அன்றைக்கு நானே கிள்ளினேன். வெறும் விரலை அவள் தோலில் வைத்தேன். அப்போதும் தெரியவில்லை. குறை உறையில் இல்லை, விரலில்தான். குத்தினேன், கிடைக்கவில்லை. மறுபடியும் குத்தினேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, “பரவால்லக்கா” என்றாள். அவள் திட்டியிருந்தால் எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

லேப் டாக்டர் என் கையை வளைத்தும் தட்டியும் பார்த்தார். “உள்ளங்கையோட அடிப் பக்கத்துல வெயிட்டு பூரா விழுது. ஹேண்டில் பாரை ஏத்துங்க, நல்ல கிளவுஸ் போடுங்க. அதுக்கும் சரியாகலன்னா சைக்கிள விட்டுடுங்க” என்றார். ஹேண்டில் பாரை அன்றைக்கே ஏற்றிவிட்டேன். பாதி குறைந்தது. மீதிப் பாதிக்குக் கையுறை. சைக்கிளை விட்டால் சர்க்கரை ஏறும், என் அரை மணி நேரம் போகும். விரலை விட்டால் வேலை போகும். இரண்டில் எதையும் விடுவதாக இல்லை. ஒரு ஜோடி கையுறை வாங்குவது என்ன பெரிய வித்தையா என்று அப்போது நினைத்தேன்.

முதல் ஜோடியைக் கணவரே கொண்டுவந்தார். துறைமுகத்தில் ஐஸ் பெட்டி தூக்குகிறவர்கள் போடும் கையுறை. உள்ளங்கையில் ரப்பர் பூசியிருக்கும். அதன் விரல்களை எல்லாம் கத்தரிக்கோலால் வெட்டியிருந்தார். “இந்தா, வெரல் இல்லாத கிளவுஸு. இதுக்குப் போயி கடை கடையா அலையணுமா?” வெட்டிய இடத்தில் நூல் பிரிந்து தொங்கியது. சங்கரா மீன் வாசனை வேறு. ஒரே ஒரு நாள் போட்டேன். ரப்பருக்குள் கை வெந்து, லேபுக்குப் போய்ச் சேரும்போது துவைத்த துணி கணக்காகச் சுருங்கியிருந்தது. அன்றைக்கு என்னிடம் ரத்தம் கொடுக்க உட்கார்ந்த பெரியவர், “எங்கியோ மீன் வறுக்கறாங்கபோல” என்றார்.

அடுத்து ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. பனியன், பெல்ட், பழைய செல்போன் கவர் எல்லாம் குவித்த தள்ளுவண்டிகளுக்கு நடுவே ஒருவர் கையுறை பரப்பி விற்றார். என்ன சைஸ் என்று கேட்டேன். “ஃப்ரீ சைஸ்மா” என்றார்.

இந்த ஃப்ரீ சைஸ் என்ற வார்த்தையைக் கண்டுபிடித்தவரை நான் ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும். நைட்டியா, எப்படியோ போகட்டும். ரெயின்கோட்டா, சரி. கைக்கு ஏதய்யா ஃப்ரீ சைஸ்? “என் கைக்கும் உங்க கைக்கும் ஒரே கிளவுஸு பொருந்துமா?” என்று கேட்டேன். அவர் என் கையைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், “இழுத்தா பொருந்தும்மா” என்றார். உள்ளங்கையின் அடிப் பக்கத்தில் ஒரு பஞ்சு மேடு வைத்துத் தைத்திருந்தார்கள். ஜிம்மில் இரும்பு தூக்குகிறவர்களுக்கான சாமான் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. எந்த இடத்தில் அழுத்தம் விழக்கூடாது என்று டாக்டர் சொன்னாரோ, அந்த மேடு சரியாக அங்கே போய் அழுத்தியது. முன்னைவிடச் சீக்கிரமாக விரல் மரத்தது.

சரி, ஆன்லைனில் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். அங்கே அளவைக் கேட்டது. உள்ளங்கையைச் சுற்றி, கட்டைவிரலை விட்டுவிட்டு, விரல் முட்டிகளின்மேல் டேப் வைத்து அளந்து, பட்டியலில் பொருத்திப் பார் என்று படம் போட்டுக் காட்டியிருந்தார்கள். படத்தைத் தள்ளிவிட்டேன். நாள் முழுக்கக் கையுறை போட்டு வேலை செய்கிறவள் நான். லேபில் எனக்கு எப்போதும் ஸ்மால்தான். என் கை அளவு எனக்குத் தெரியாதா? ஸ்மாலுக்கு ஆர்டர் போட்டேன்.

வந்தது. விரல்கள் நுழைந்தன, உள்ளங்கை நுழையவில்லை. லேப் கையுறை ரப்பர், இழுத்த இழுப்புக்கெல்லாம் வரும். இது தோலும் துணியும், ஒரு நூல் விட்டுக் கொடுக்காது. அதுவும் லேடீஸ் மாடல். அதைத் தைத்தவர்கள் மனதில் இருக்கும் பெண்ணுக்கு ஒல்லியான உள்ளங்கை, நீளமான விரல்கள். எனக்குப் பிறந்த வீட்டில் வயல் வேலை பார்த்த அகலமான உள்ளங்கை, குட்டை விரல்கள். வம்படியாக மாட்டிக்கொண்டு முத்தியால்பேட்டை வரைக்கும் போனேன். கட்டைவிரல் இடுக்கில் தையல் அறுத்தது. கழற்றவும் வரவில்லை. பச்சை விளக்கு எரிய, பின்னால் நின்ற பஸ்காரர் ஹாரனை அமுக்க, நான் சிக்னலில் நின்று பல்லால் கையுறையை இழுத்துக்கொண்டிருந்தேன்.

அதைத் திருப்பி அனுப்பும்போது கணவர் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். “பெருசா வாங்கு. எதையும் ஒரு சைஸ் பெருசாதான் வாங்கணும்.” எங்கள் வீட்டில் இது சட்டம். செருப்பு, பள்ளிக்கூடச் சட்டை, ரெயின்கோட்டு, எல்லாமே ஒரு சைஸ் பெரிது. வளர்கிற பிள்ளைக்கு வாங்கினால் அர்த்தம் உண்டு. ஐம்பதை நெருங்குகிறவளின் உள்ளங்கை இனி எங்கே வளரப் போகிறது? இதை அவரிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் லார்ஜுக்கு ஆர்டர் போட்டேன். மீடியம் அவர்களிடம் இல்லை, அதற்கு நான் என்ன செய்ய?

லார்ஜ் தொளதொளவென்று வந்தது. ஹேண்டில் பாரைப் பிடித்தால் உள்ளங்கையில் துணி மடிந்து மடிந்து நின்றது. அந்த மடிப்பு உரசி உரசி இரண்டே நாளில் கொப்புளம். இப்போது விரலும் மரத்தது, உள்ளங்கையும் எரிந்தது. “சொன்னபடிதான வாங்கின?” என்றார் கணவர். அன்றைக்கு ராத்திரி சோறு மட்டும்தான் போட்டேன், பேச்சு எதுவும் பரிமாறவில்லை.

இந்தக் கூத்துக்கு நடுவில் திண்டிவனத்துப் பெண் மறுபடியும் வந்தாள். என் நாற்காலி காலியாகத்தான் இருந்தது. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள், பிறகு நேராக, என்னோடு வேலை பார்க்கும் அந்தச் சின்னப் பெண்ணின் எதிரே போய் உட்கார்ந்து கையை நீட்டினாள். நான் கீழே எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன். அழுகை வந்தது. அவள்மேல் ஒரு தப்பும் இல்லை, அதனால்தான் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மிஷன் வீதிப் பக்கத்தில் இருக்கும் ஒரு பெரிய சைக்கிள் கடைக்குப் போனேன். ஏசி போட்ட கடை. சுவரில் தொங்கும் சைக்கிள்களைப் பார்த்தாலே தொடக்கூடாது என்று தோன்றும். கணவர் வண்டியில் பின்னாலேயே வந்தார், நான் என்ன செய்வேனோ என்ற பயத்தில். கடையில் இருந்த பெண் என்னைக் கண்டதும் ரோஸ் கலர் ஜோடி ஒன்றை எடுத்து வைத்தாள்.

“லேடீஸ் இதுதான் மேடம்.”

“இது வேணாம். அந்தக் கறுப்பு எடு.”

“அது ஜென்ட்ஸ் மேடம்.”

“கைக்கு மீசையா முளைக்குது? எடும்மா.”

எடுத்தாள். இந்த முறை டேப் கொண்டுபோயிருந்தேன். விரல் முட்டிகளின்மேல் சுற்றி அளந்தேன். ஆண்கள் ஸ்மால், மீடியம் இரண்டுக்கும் நடுவில் நின்றது. இரண்டையும் கேட்டேன், இன்னும் இரண்டு கம்பெனி ஜோடிகளையும் கேட்டேன். மாட்டி, முட்டி மடக்கிப் பார்த்தேன். மடக்கும்போது மேல்பக்கம் இறுக்கக்கூடாது, உள்பக்கம் துணி மடிந்து நிற்கவும் கூடாது. கட்டைவிரல் இடுக்கில் தையல் இருந்ததை ஒதுக்கினேன். உள்ளங்கை மெத்தை தடியாக இருந்ததையும் ஒதுக்கினேன், தடியாக இருப்பதெல்லாம் நல்லது என்று நம்பிக் கெட்டது போதும். கழற்றுவதற்கு விரலிடுக்கில் சின்னப் பட்டை இல்லாததையும் ஒதுக்கினேன், சிக்னலில் பல்லால் இழுத்தது மறக்கவில்லை. இரண்டு ஜோடி மிஞ்சியது. அந்தப் பெண் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

“எதை எடுத்துக்கறீங்க மேடம்?”

“ஓட்டிப் பாத்துதான் சொல்லுவேன்.”

“பில் போடாம வெளிய எடுத்துட்டுப் போவக்கூடாது மேடம்.”

நியாயம்தான். கையுறை வெளியே போகக்கூடாது. சைக்கிள் உள்ளே வரக்கூடாது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. நான் வெளியே போய் என் சைக்கிளைத் தூக்கி, படியேற்றி, கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளி உள்ளே கொண்டுவந்தேன். மட்கார்டில் முந்தின நாள் சேறு. கடைக்காரப் பெண் வழியில் நின்ற ஒரு சைக்கிளை அவசரமாக நகர்த்தினாள்.

“இன்னாம்மா பண்ற நீ?” என்றார் கணவர்.

“கேரியரப் புடிங்க.”

“எல்லாரும் பாக்கறாங்க.”

“புடிங்கன்னேன்ல.”

பிடித்தார். நான் ஏறி உட்கார்ந்து, முதல் ஜோடியை மாட்டி, ஹேண்டில் பாரில் முழுப் பாரத்தையும் போட்டுச் சாய்ந்தேன். நகராத சைக்கிளில் மனைவியை உட்காரவைத்து, பழக்கிவிடுகிறவர்போலக் கேரியரைப் பிடித்துக்கொண்டு நின்றார் மனிதர். வருகிறவர்கள் எல்லாம் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். போதும் போதும் என்று அவர் சொல்லும் வரைக்கும் சாய்ந்திருந்தேன். பிறகு கையுறையைக் கழற்றி, விரலுக்கு நரம்பு தெரிகிறதா என்று அவர் முழங்கை மடிப்பைத் தடவினேன். பிரயோஜனமில்லை. ஐஸ் பெட்டி தூக்கித் தூக்கி அவர் கையில் நரம்பெல்லாம் படகுக் கயிறு மாதிரி ஓடுகிறது. மரக்கட்டையை வைத்துத் தடவினாலும் கிடைக்கும்.

“உங்க கை எதுக்கும் ஆவாது” என்றேன் எரிச்சலோடு.

“என் கை இன்னா பண்ணுச்சு?” என்றார் அவர், நிஜமாகவே மனசு கஷ்டப்பட்டு.

கடைக்காரப் பெண் பார்த்துக்கொண்டே இருந்தாள். “இன்னா பாக்கறீங்க மேடம்?” என்றாள். சொன்னேன். ரத்தம் எடுப்பது என் வேலை, விரல் மரத்துப்போகிறது, சைக்கிளை விட முடியாது, ஒருத்தி என்னை விட்டுவிட்டு வேறு ஆளிடம் போய்விட்டாள், எல்லாவற்றையும் கோபமாகவே சொல்லி முடித்தேன். அவள் கவுண்டரைச் சுற்றி வந்து சட்டைக் கையை மடித்தாள்.

“எனக்கு ரத்தம் எடுக்க யாராலயும் ஆவாதுக்கா. போன வாட்டி காய்ச்சல்ல நாலு எடத்துல குத்துனாங்க. என் கையப் பாருங்க.”

மேடம் அக்கா ஆனதை நான் அப்புறம்தான் கவனித்தேன். ஈர்க்குச்சி மாதிரிக் கை. முதல் ஜோடி போட்டுச் சாய்ந்த விரலுக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை. விரல் திரும்பும் வரைக்கும் காத்திருந்தேன். அதற்குள் அவளே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டாள். இரண்டாவது ஜோடியை மாட்டி, ஏறி, அதேபோலச் சாய்ந்தேன். இந்த முறை கணவர் போதும் என்று சொல்லவில்லை. யாரோ மேனேஜர்போல ஒருவர் வந்து என்ன இது என்று கேட்க, “அவங்க பாக்கட்டும், இருங்க” என்று இவரே அதட்டினார். இறங்கி, கழற்றி, அந்தப் பெண்ணின் முழங்கை மடிப்பில் விரலை வைத்தேன். மடிப்புக்குக் கொஞ்சம் உள்பக்கமாக, மெத்தென்று எழும்பிக் கொடுத்தது.

“இங்க” என்றேன். “அடுத்த தபா காய்ச்சல் வந்தா இந்த எடத்தக் காட்டி எடுக்கச் சொல்லு.”

அவள் பேனாவை எடுத்து அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டாள். குளித்தால் போய்விடும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்த இரண்டாவது ஜோடியை வாங்கிவந்தேன். அதன் பிறகும் எரிச்சல் குறைந்துவிடவில்லை. நல்ல கையுறை என்றால் பராமரிப்பும் உண்டாம். இந்த ஊர் வேர்வையில் இரண்டு நாளுக்கு ஒருமுறை அலசாவிட்டால் உப்புப் பூத்து விறைக்கிறது. மெஷினில் போடக்கூடாது, வெயிலில் காயவைக்கக்கூடாது. காயவைத்ததைக் கணவர் எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போய்விடாமல் காவல் இருக்க வேண்டும். ஆனால் லேப் வாசலில் இறங்கும்போது என் பத்து விரலும் என்னோடுதான் இறங்குகின்றன.

கையுறை வாங்கிய அந்த வாரக் கடைசியில் திண்டிவனத்துப் பெண் வந்தாள். இந்த முறையும் சின்னப் பெண்ணிடம்தான் உட்கார்ந்தாள். சின்னவள் இரண்டு கையிலும் தேடிப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். திண்டிவனத்துப் பெண்ணும் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஆசை ஒன்றும் இல்லை, வேறு வழி இல்லை என்பதுதான் இருந்தது. எழுந்து என் எதிரே வந்து உட்கார்ந்து, கையை நீட்டிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். கண்ணை இறுக மூடியிருந்தாள்.

பட்டை கட்டினேன். புது ரப்பர் கையுறை மாட்டினேன், நுனியைக் கிள்ளவில்லை. தடவினேன். வழக்கமான இடத்தில் ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்சம் வெளிப்பக்கமாகப் போனேன். இருந்தது.

“குத்தறதா இருந்தா சொல்லிட்டுக் குத்துங்கக்கா” என்றாள் கண்ணைத் திறக்காமல். “எவ்ளோ நேரம் தடவிக்கினே இருப்பீங்க? பஸ்ஸு வேற போயிடும்.”

“முடிஞ்சிதும்மா. பஞ்ச அழுத்திப் புடி.”

திரும்பிப் பார்த்தாள். என் கையில் டியூப் நிறைந்திருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஞ்சை அழுத்தியபடி எழுந்தாள், வாசல் வரைக்கும் போனாள், திரும்பினாள்.

“அடுத்த தபா நீங்க இருப்பீங்களாக்கா?”

“வெளிய சைக்கிள் நிக்குதான்னு பாரு” என்றேன். “நின்னுச்சின்னா உள்ள வா.”